கிறீஸ் பூதம் வந்த நோன்பு மாதம்: கிண்ணியாவும் தற்காப்பு என்ற கேள்வியும்

2025 பெப்ரவரி 19ஆம் திகதி கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள் வைத்து பாதாள உலகத்தைச் சேர்ந்த ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் சட்டத்தரணி உடையில் வந்திருந்தார். துப்பாக்கி ஒரு சட்டப் புத்தகத்தின் நடுவே தாள்களை வெட்டி, அதற்குள் மறைத்துக் கொண்டுவரப்பட்டிருந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்னர், 2024இன் இறுதியில், தனிநபர் பாதுகாப்புக்கென அனுமதிப்பத்திரத்துடன் வழங்கப்பட்ட துப்பாக்கிகளை மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு கேட்டிருந்தது. ஒரு பக்கம் சட்டப்படி துவக்கு வைத்திருந்தவர்கள் அதைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். மறுபக்கம் நீதவானின் கண் முன்னே வெடி விழுகிறது.

இந்தச் சூழலில் சாதாரண மக்களிடம் ஒரு கேள்வி வளர்ந்திருக்கிறது. நம்மைக் காத்துக்கொள்ளக் கையில் எதை வைத்திருப்பது? தென்னிலங்கை நகரங்களில் இதற்குக் கராத்தே வகுப்பு, மிளகுத் தெளிப்பான், வாசலில் கமரா என்று பதில்கள் கிடைக்கின்றன. வடக்கிலும் கிழக்கிலும் இதே கேள்வி வேறு நினைவுகளோடு வருகிறது. இங்கே பொல்லு வைத்திருந்தவர் சந்தேக நபரானார். துவக்கு வைத்திருந்தவர் ஏதோ ஒரு தரப்பின் ஆளானார். வெறுங்கையோடு நின்றவர்களிலும் எத்தனையோ பேர் வீடு திரும்பவில்லை.

ஆகவே இந்தக் கேள்வியை விளம்பரங்களில் தேடாமல், எங்கள் மண்ணில் ஓர் ஊரே சேர்ந்து தற்காப்புக்கு இறங்கிய ஒரு தருணத்தை வைத்துப் பார்ப்பது நல்லது. அந்த ஊர் கிண்ணியா. அந்த மாதம் 2011 ஓகஸ்ட்.

இரவு காத்த ஊர்

போர் முடிந்து இரண்டு வருடங்கள் கடந்திருந்தன. திருகோணமலையையும் கிண்ணியாவையும் இணைக்கும் நீண்ட பாலம் 2009இல் திறக்கப்பட்டு, பாதைப் படகுக்காகக் காத்துக் கிடந்த காலம் முடிந்திருந்தது. சுனாமியில் வைத்தியசாலையையே பறிகொடுத்த ஊர். 2006இல் மூதூரிலிருந்து ஓடிவந்த குடும்பங்களை ஏற்றுத் தங்கவைத்த ஊர். இனியாவது இரவில் நிம்மதியாகத் தூங்கலாம் என்று மக்கள் நினைத்த நேரத்தில்தான் ‘கிறீஸ் பூதம்’ என்ற சொல் ஊருக்குள் வந்தது.

உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு, பிடித்தால் வழுக்கிக்கொண்டு ஓடும் திருடன் என்பது இலங்கையின் பழைய கிராமியக் கதை. 2011இல் அந்தக் கதையின் குணம் மாறியது. வந்தவர்கள் பொருளைத் திருடவில்லை, பெண்களைத் தாக்கினார்கள் என்பதே பல மாவட்டங்களிலிருந்தும் வந்த முறைப்பாடு. விரல்களில் இரும்பு நகங்களை மாட்டிக்கொண்டு மார்பிலும் கழுத்திலும் கீறினார்கள் என்று பெண்கள் சொன்னார்கள். மலையகத் தோட்டங்கள், மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலை, புத்தளம், யாழ்ப்பாணம் என்று செய்தி பரவியது. மலையகத் தமிழர், முஸ்லிம்கள், வடகிழக்குத் தமிழர் வாழும் இடங்களிலேயே அச்சம் கூடுதலாக இருந்தது.

அது நோன்பு மாதம். தராவீஹ் தொழுகை முடிந்து பெண்கள் வீடு திரும்புவதும், ஸஹர் நேரத்தில் எழுந்து அடுப்பு மூட்டுவதும், இருட்டில் வளவுக்குள் கிணற்றடிக்கும் மலசலகூடத்துக்கும் போய் வருவதும் அந்த மாதத்தின் வழக்கம். அந்த வழக்கமெல்லாம் நின்றது. பெண்கள் பல வீடுகளிலிருந்து ஒரே வீட்டில் வந்து படுத்தார்கள். ஆண்கள் பொல்லு, கத்தி, டோர்ச் லைட்டுடன் சந்திகளில் இரவு காவல் இருந்தார்கள்.

ஓகஸ்ட் நடுப்பகுதியில், தாங்கள் துரத்திச் சென்ற மர்ம நபர்கள் கடற்படை முகாமுக்குள் ஓடி மறைந்துவிட்டார்கள் என்று சொல்லிப் பெருந்தொகையான மக்கள் முகாமைச் சூழ்ந்தார்கள். மோதல் வெடித்தது. பலர் காயப்பட்டார்கள், பலர் கைதானார்கள். ஊரைக் காக்கப் பொல்லெடுத்தவர்கள், பொழுது விடியும்போது அரச படையைத் தாக்கிய குற்றச்சாட்டுக்கு முன்னால் நின்றார்கள்.

ஏன் பொல்லெடுத்தார்கள்?

இதைக் கூட்டு மனப்பிரமை என்று தள்ளிவிட்டவர்கள் உண்டு. அவசரகாலச் சட்டத்தை நீடிக்க அரசு ஆடிய நாடகம் என்று அடித்துச் சொன்னவர்களும் உண்டு. அந்த ஓகஸ்ட் முடிவில்தான் அவசரகாலச் சட்டம் முடிவுக்கு வந்தது என்பதும் பதிவில் உள்ளது. அரசு படையினருக்கு இதில் எந்தத் தொடர்பும் இல்லை என்று மறுத்தது, முகாம்களை முற்றுகையிடுவோரை எச்சரித்தது. யார் வந்தார்கள், எதற்கு வந்தார்கள் என்பதற்கு மக்கள் நம்பும்படியான விளக்கம் பிறகும் கிடைக்கவில்லை.

ஆனால் மக்கள் ஏன் பொலிஸ் நிலையத்துக்குப் போகாமல் சந்திக்குப் போனார்கள் என்பதை விளங்கிக்கொள்ள அந்த விளக்கத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. 2011இல் இலங்கைப் பொலிஸ் பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்தது. 2013 ஓகஸ்டில்தான் சட்டம் ஒழுங்குக்கெனத் தனி அமைச்சு உருவாக்கப்பட்டது. அதாவது கடற்படை முகாமுக்குள் ஒருவர் ஓடி ஒளிந்தார் என்று முறைப்பாடு செய்யப் போனால், அந்த முறைப்பாட்டை எழுதுபவரும் முகாமின் பொறுப்பாளரும் ஒரே அமைச்சுக்குப் பதில் சொல்பவர்கள். முறைப்பாடு பெரும்பாலும் சிங்களத்தில் எழுதப்படும். அதை வாசிக்கத் தெரியாமலே பெண் கையொப்பமிட வேண்டும். கேட்கப்படும் முதல் கேள்வி ‘அந்த நேரம் ஏன் வெளியே போனாய்?’ என்பதாக இருக்கும்.

பொல்லு என்பது அந்த இடத்தில் ஒரு தீர்ப்பு. எங்கள் பேச்சைக் கேட்க ஆள் இல்லை என்று மக்கள் முடிவு செய்துவிட்டார்கள் என்பதன் அடையாளம் அது. அந்த முடிவு நியாயமற்றது என்று கிழக்கில் வாழ்ந்த எவராலும் சொல்ல முடியாது. ஆனால் பொல்லெடுத்ததால் என்ன நடந்தது என்பதையும் கண்ணை மூடாமல் பார்க்க வேண்டும்.

பொல்லு கொண்டுவந்தவை

அதே மாதம் ஹப்புத்தளைப் பகுதியில் தோட்டமொன்றில் இரண்டு பேர் கிறீஸ் பூதங்கள் என்ற சந்தேகத்தில் கூட்டத்தால் கொல்லப்பட்டார்கள். ஓகஸ்ட் 21ஆம் திகதி புத்தளத்தில் கூட்டத்துக்கும் பொலிஸாருக்கும் இடையிலான மோதலில் போக்குவரத்துப் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் கொல்லப்பட்டார். அதன் பின்னர் படை இறங்கியது, தேடுதலும் கைதும் தொடங்கின. மறுநாள் இரவு யாழ்ப்பாணம் நாவாந்துறையில் மர்ம நபர்களைத் துரத்திய மக்களுக்கும் படையினருக்கும் முறுகல் ஏற்பட்டது. பிறகு படையினர் வீடு வீடாகப் புகுந்து நூற்றுக்கு மேற்பட்ட ஆண்களை இழுத்துச் சென்று அடித்தார்கள். அந்த மக்கள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனுக்களைத் தாக்கல் செய்தார்கள்.

இந்த இடங்கள் எல்லாவற்றிலும் தொடக்கம் ஒன்றுதான். ஒரு பெண் அலறினாள், ஊர் ஓடிவந்தது. அடுத்த நாள் செய்தியில் பெண் இல்லை. அவளுக்கு என்ன நடந்தது, காயத்தை யார் பார்த்தார்கள், வாக்குமூலம் எங்கே என்ற கேள்விகள் காணாமல் போயின. கூட்டம், கல்வீச்சு, முகாம், கைது என்பவையே செய்தியாகின. கூட்டத்தின் கோபம், தாக்கியவனைத் தேடும் விசாரணையைத் தாக்கப்பட்ட ஊரைத் தேடும் விசாரணையாக மாற்றிவிட்டது. உண்மையிலேயே ஒரு குற்றவாளி இருந்திருந்தால், அவனுக்கு அதைவிடப் பாதுகாப்பான இரவு வேறில்லை.

துவக்கு வந்த காலம்

பொல்லுக்குப் பதில் துவக்கு இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்பவர்களுக்கு கிழக்கில் பதில் இருக்கிறது. அது இன்னும் பல ஊர்களில் ஆறாத காயம்.

எண்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து அரசு எல்லைக் கிராமங்களில் ஊர்காவல் படைகளை உருவாக்கி சொட்கன்களைக் கொடுத்தது. சிங்களவருக்குப் பிறகு முஸ்லிம்களும் அதில் சேர்க்கப்பட்டார்கள். 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் விடுதலைப் புலிகள் நடத்திய படுகொலைகளுக்குப் பிறகு, கிழக்கின் முஸ்லிம் ஊர்களில் ‘எங்களுக்கும் ஆயுதம் வேண்டும்’ என்ற குரல் எழுந்தது. அந்தக் குரலின் பின்னால் இருந்த பயம் உண்மையானது. தொழுகையில் நின்றவர்களைச் சுட்டுக் கொன்ற பிறகு எந்தச் சமூகமும் அப்படித்தான் கேட்கும்.

1992 ஏப்ரல் 29ஆம் திகதி பொலன்னறுவை மாவட்டத்தில் நடந்தது அந்தக் கேள்வியின் மறுபக்கம். அழிஞ்சிப்பொத்தானை என்ற முஸ்லிம் கிராமத்துக்குள் புலிகள் புகுந்து குழந்தைகள் உட்பட மக்களைக் கொன்றார்கள். அதே நாளில் ஊர்காவல் படையினர் பக்கத்துத் தமிழ்க் கிராமங்களான முத்துக்கல்லுக்கும் கறப்பொலவுக்கும் போய் அங்கிருந்தவர்களைக் கொன்றார்கள். மூன்று ஊர்களிலும் சேர்த்து நூற்றுக்கும் அதிகமானோர் ஒரே நாளில் இறந்தார்கள். ஊரைக் காக்கக் கொடுத்த துவக்கு, கொலை செய்தவர்களைத் தேடிப் போகவில்லை. கைக்கெட்டிய தூரத்தில் இருந்த அயலவரைத் தேடிப் போனது.

திருகோணமலை மாவட்டத்திலும் இதற்குச் சாட்சி உண்டு. 1996 பெப்ரவரி 11ஆம் திகதி கிளிவெட்டிக்கு அருகே குமாரபுரத்தில் இராணுவத்தினரும் ஊர்காவல் படையினரும் 24 தமிழர்களைக் கொன்றார்கள். உயிர் தப்பியவர்கள் ஆட்களை அடையாளம் காட்டினார்கள். வழக்கு இருபது வருடம் இழுபட்டு, 2016 ஜூலையில் அநுராதபுரம் மேல் நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்ட முன்னாள் இராணுவத்தினர் விடுதலை செய்யப்பட்டார்கள்.

கிண்ணியாவைச் சுற்றியும் இந்த நினைவு கிடக்கிறது. கிண்ணியா முஸ்லிம் மக்களும் ஆலங்கேணித் தமிழ் மக்களும் ஒரே சந்தையில் மீன் வாங்கி, ஒரே வீதியால் பயணம் செய்கிறவர்கள். போர்க்காலத்தில் ஒரு பக்கத்தின் ‘பாதுகாப்பு’ மறுபக்கத்துக்கு என்னவாக இருந்தது என்பது இரண்டு ஊர் முதியவர்களுக்கும் தெரியும். தற்காப்புக்கு ஒரு சமூகம் ஆயுதம் எடுக்கும்போது, அந்த ஆயுதத்தின் வாய் எந்தப் பக்கம் திரும்பும் என்பதை அது கையில் வந்த பிறகு தீர்மானிக்க முடிவதில்லை.

வாளை ஒப்படைத்த மாதம்

2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதல்களுக்குப் பிறகு நாடு முழுவதும் முஸ்லிம் வீடுகளும் பள்ளிவாசல்களும் தேடப்பட்டன. வாள்களும் பெரிய கத்திகளும் எடுக்கப்பட்டன. தொலைக்காட்சிகள் அவற்றை அடுக்கிவைத்துக் காட்டின. மே மாதத் தொடக்கத்தில், வாள்களையும் கூரிய ஆயுதங்களையும் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்குமாறு பொதுமக்களிடம் கேட்கப்பட்டது. 2014 அளுத்கமையையும் 2018 திகனையையும் பார்த்த பிறகு, கலகக்காரர்கள் வந்தால் வாசலில் நிற்க ஏதாவது வேண்டுமென்று அவற்றை வைத்திருந்தோம் என்று சொன்னவர்கள் உண்டு. அந்த விளக்கத்தைக் கேட்கும் மனநிலையில் அப்போது யாரும் இல்லை. வாள் வைத்திருந்ததே தீவிரவாதத்துக்குச் சாட்சியாகியது.

சில நாட்களில், மே 13ஆம் திகதி, வடமேல் மாகாணத்தின் குளியாப்பிட்டி, ஹெட்டிப்பொல பகுதிகளிலும் மினுவாங்கொடையிலும் கும்பல்கள் இறங்கின. வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. நாத்தாண்டிப் பகுதியில் முஸ்லிம் தச்சர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். ஆயுதத்தை வாங்கிக்கொண்ட அரசு, அதற்கு ஈடான பாதுகாப்பைக் கொடுக்கவில்லை.

‘வாளை ஒப்படைத்திருக்கக் கூடாது’ என்று இதிலிருந்து முடிவு எடுப்பது எளிது. ஆனால் வாள் பயன்பட்டிருக்குமா? ஊரடங்கு நேரத்தில் நூற்றுக்கணக்கானோர் வரும்போது ஒரு வீட்டு வாள் எவ்வளவு நேரம் தாங்கும்? வாளோடு நின்றவரின் படம்தான் மறுநாள் கலவரத்துக்கே காரணமாகக் காட்டப்பட்டிருக்கும். திகனையில் உண்மையை வெளியே கொண்டுவந்தது கண்காணிப்புக் கமரா. 2018 மார்ச்சில் அங்கே பொலிஸாரே தாக்குதலில் இறங்கியதைச் சர்வதேச ஊடகம் வெளியிட்டது கமராப் பதிவுகளையும் நேரில் கண்டவர்களையும் கொண்டுதான். பதிவு ஒரு வீட்டையும் காப்பாற்றவில்லை என்பது உண்மை. ஆனால் யார் செய்தார்கள் என்பதை அழிக்க முடியாமல் செய்தது.

சட்டம் எவ்வளவு தூரம் வரும்?

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 89 முதல் 99 வரையான பிரிவுகள் தனிநபர் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. உங்கள் உடலையோ மற்றவரின் உடலையோ காக்க நீங்கள் செய்வது குற்றமாகாது. உயிராபத்து, கடுங்காயம், பாலியல் வல்லுறவு, கடத்தல் போன்றவற்றுக்கு நியாயமான பயம் இருந்தால், தாக்குபவருக்கு மரணம் விளைவிப்பதுவரை அந்த உரிமை நீளும். வீட்டைக் காக்கும் உரிமையிலும் கொள்ளை, இரவில் வீடுடைத்தல், தீவைப்பு ஆகியவற்றுக்கு இதே நீட்சி உண்டு.

எல்லைகள் 92ஆம் பிரிவில் உள்ளன. தேவைக்கு மேலே ஓர் அடிகூட அடிக்க முடியாது. அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரம் இருந்தால் இந்த உரிமை இல்லை. அரச ஊழியர் கடமையில் நல்லெண்ணத்தோடு செய்யும் செயலுக்கு எதிராக, உயிராபத்தோ கடுங்காயமோ வரும் பயம் இல்லாதவரை, உரிமை இல்லை. அவர் அரச ஊழியர் என்பது தெரியாமலும், அப்படி நம்பக் காரணம் இல்லாமலும் இருந்தால் அந்தத் தடை பொருந்தாது. கிண்ணியா போன்ற இடத்தில் இந்தச் சிறிய விதி முக்கியமானது. இருட்டில் சீருடை இல்லாமல் வேலி பாய்ந்து வருபவனைத் தடுப்பது ஒன்று. அவன் ஓடி மறைந்த பிறகு சீருடையோடு வாசலில் நிற்பவரைத் தாக்குவது வேறொன்று. முதலாவதில் சட்டம் உங்களோடு நிற்கும், இரண்டாவதில் விட்டுவிடும்.

ஓடுகிறவனைத் துரத்திப் பிடிக்கலாமா? குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றத்தைத் தன் கண் முன்னே செய்பவரைப் பொதுமகன் ஒருவர் பிடிக்க அனுமதிக்கிறது. பிடித்தவரைத் தாமதமின்றிப் பொலிஸில் ஒப்படைக்க வேண்டும். கட்டிவைத்து அடிக்க எந்தச் சட்டமும் இடம் கொடுக்கவில்லை. பிடிபட்டவன் விழுந்த பிறகு விழும் அடி தற்காப்புக் கணக்கில் வராது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. தற்காப்புக்காகவே அடித்தேன் என்று காட்டும் சுமை, சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவின்படி, அடித்தவரையே சாரும். ஆக, நீங்கள் எடுத்த பொருள் எதுவாக இருந்தாலும் மறுநாள் உங்களைக் காப்பாற்றப் போவது சாட்சி. ஆயுதத்தைத் தேர்ந்தெடுக்கும் முன், அடுத்த நாள் காலை யார் நமக்காகப் பேசுவார்கள், யார் அதைக் கேட்பார்கள் என்று யோசிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

ஆபத்து எங்கிருந்து வருகிறது?

தற்காப்புப் பொருள் விற்பவர்கள் காட்டும் படத்தில் தாக்குபவன் எப்போதும் முன்பின் தெரியாதவன். கிறீஸ் பூதமும் அப்படியே. ஆனால் 2019இல் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய பெண்களின் நல்வாழ்வு பற்றிய ஆய்வு வேறொரு படத்தைத் தந்தது. துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர், 20.4 சதவீதமானோர், வாழ்நாளில் அந்தத் துணையாலேயே உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு உள்ளாகியிருக்கிறார்கள். வேலி பாய்ந்து வருபவனுக்காக ஊரே விழித்திருந்த இரவுகளிலும் வீட்டுக்குள் அடி வாங்கிய பெண்கள் இருந்திருப்பார்கள். அவர்களுக்காக எந்தச் சந்தியிலும் யாரும் காவல் நிற்பதில்லை.

வீட்டில் ஆயுதம் வைப்பதன் பொருள் இங்கே மாறுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் 1993இல் வெளியான, மருத்துவர் ஆர்தர் கெலர்மனும் சகாக்களும் செய்த பெயர்பெற்ற ஆய்வு, துப்பாக்கி உள்ள வீடுகளில் கொலை நடக்கும் அபாயம் மற்ற வீடுகளைவிடச் சுமார் 2.7 மடங்கு என்று காட்டியது. அந்தக் கொலைகளில் பெரும்பாலானவற்றைச் செய்தவர்கள் குடும்பத்தவரும் நன்கு அறிமுகமானவர்களும்தான். நாடு வேறு, சூழல் வேறு. ஆனால் கோபத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் கிடக்கும் வாளுக்கும் கத்திக்கும் இந்தப் பாடம் பொருந்தாது என்று சொல்ல முடியாது.

பயிற்சியைப் பொறுத்தவரை நம்பிக்கை தரும் சான்று உண்டு. கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களின் முதலாம் ஆண்டு மாணவியரிடையே சார்லின் சென் தலைமையில் நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. மொத்தம் 12 மணித்தியாலப் பயிற்சி. அதைப் பெற்றவர்களில் ஒரு வருடத்துக்குள் வல்லுறவுக்கு உள்ளானோர் 5.2 சதவீதம், பெறாதவர்களில் 9.8 சதவீதம். அந்தப் பயிற்சியில் உதையும் குத்தும் ஒரு பகுதிதான். அறிமுகமானவரின் நடத்தையில் ஆபத்தை நேரத்தோடு இனங்காண்பது, மரியாதைக்காக மௌனமாக இருக்காமல் சத்தமாக மறுப்பது, குற்றம் தன்னுடையதல்ல என்று உணர்வது ஆகியவை மற்றப் பகுதி. எங்கள் பெண் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லிக் கொடுப்பது இதற்கு நேர் எதிரானது. சத்தம் போடாதே, மானம் போய்விடும் என்கிறோம். அதை மாற்றாமல் கராத்தே வகுப்புக்கு அனுப்பி என்ன பயன்?

மிளகுத் தெளிப்பானைப் பற்றியும் ஒரு வார்த்தை. கண்ணையும் மூச்சையும் சில நிமிடங்கள் முடக்கும் பொருள் அது. எதிர்க்காற்றில் அடித்தால் அடித்தவர் கண்ணுக்கே வரும். அறைக்குள் அடித்தால் எல்லோருக்கும் எரியும். கைப்பையின் அடியில் கிடந்தால் உதவாது. அதைவிட மலிவான விசில், டோர்ச், இரவில் எரியும் ஒரு முற்றத்து விளக்கு, வீட்டோடு சேர்ந்த மலசலகூடம் ஆகியவை கிராமப் பெண்ணுக்குக் கூடுதலாகப் பயன்படும். 2011இல் பெண்கள் மிகவும் பயந்த இடங்களில் ஒன்று வீட்டுக்கும் மலசலகூடத்துக்கும் இடையிலான அந்தச் சில யார் தூரம். அந்தத் தூரத்தைக் குறைப்பதும் தற்காப்புத்தான். அதற்குப் பிரதேச சபையும் பிரதேச செயலகமும் பொறுப்பு.

ஊர் செய்யக்கூடியது

அடுத்த முறை ஒரு பெண் அலறும்போதும் ஊர் ஓடிவரத்தான் வேண்டும். அது எங்களிடம் மிஞ்சியிருக்கும் பெரிய பலம். ஓடிவந்த பிறகு என்ன செய்வது என்பதை முன்கூட்டியே பேசி வைத்திருப்பதுதான் வேலை.

முதலில் பெண்ணோடு இருக்க இரண்டு பெண்கள். காயம் இருந்தால் அன்றிரவே அரச வைத்தியசாலை, அங்கே சட்ட வைத்தியப் பரிசோதனை. கீறிய ஆடையைக் கழுவாமல் வைத்திருப்பது. நடந்ததை நேரம், இடம், நிறம், உயரம் என்று அன்றே எழுதி வைப்பது. ஆள் பிடிபட்டால் அடிக்காமல், கிராம உத்தியோகத்தரையும் பள்ளிவாசல் அல்லது கோயில் நிர்வாகத்தையும் முன்னால் வைத்து, படம் எடுத்து, பொலிஸில் ஒப்படைத்து, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குவது. முகாமுக்குள் ஓடினான் என்றால் வாசலில் கல்லெறியாமல், கண்ட சாட்சிகளின் பெயரை எழுதி, சட்டத்தரணியை அழைப்பது. இது கேட்பதற்குச் சப்பென்று இருக்கும். ஆனால் நாவாந்துறை மக்களின் விடயத்தை உயர் நீதிமன்றம்வரை கொண்டுபோனது கல் அல்ல, அவர்கள் கொடுத்த வாக்குமூலங்கள்.

ஒலிபெருக்கிக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். சரிபார்க்காத தகவல் ஒலிபெருக்கியிலோ வட்ஸ்அப்பிலோ போனால், ஹப்புத்தளையில் இறந்த அந்த இரண்டு பேரைப் போல யாரோ ஒருவர் விலை கொடுப்பார். அந்த விலையைக் கொடுப்பவர் பெரும்பாலும் பிச்சைக்காரராகவோ, மனநலம் குன்றியவராகவோ, வழி தவறிய பிரயாணியாகவோ இருப்பார்.

முறைப்பாட்டைத் தமிழில் பதியுமாறு கேட்பது சலுகை கேட்பதாகாது. வடக்கு கிழக்கு மாகாணங்களில் தமிழ் நிர்வாக மொழி என்பதை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. பொலிஸார் பதிய மறுத்தால், அல்லது படையினரே தாக்கினால், திருகோணமலையில் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு தாக்கல் செய்ய ஒரு மாத காலமே உண்டு. அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. எத்தனையோ நியாயமான வழக்குகள் இந்த ஒரு மாதத்தைத் தவறவிட்டே முடிந்துபோயின. வீட்டுக்குள் நடக்கும் வன்முறைக்கு 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கு 1929, பொலிஸ் அவசர இலக்கம் 119.

இந்த ஒழுங்கை கிண்ணியா தனியாகவும் ஆலங்கேணி தனியாகவும் செய்யக் கூடாது என்பதே கடந்த காலம் சொல்லும் பெரிய புத்திமதி. ஒரு சமூகத்தின் இரவுக் காவல் மற்றச் சமூகத்தின் கண்ணுக்கு ஊர்காவல் படையாகத் தெரியும். இரண்டு ஊர் பெண்கள் சங்கங்களும் ஒரே தொலைபேசிப் பட்டியலை வைத்திருந்தால் அந்தப் பயம் பாதியாகும்.

அரசின் பங்கு

இதையெல்லாம் மக்கள் தலையில் சுமத்திவிட்டு அரசு ஒதுங்க முடியாது. போர் முடிந்து இத்தனை வருடங்களுக்குப் பிறகும் கிழக்கில் கடற்படைக்கும் கரையோர மக்களுக்கும் இடையிலான உறவு சந்தேகத்திலேயே நிற்கிறது. 2019 ஜனவரியில் கிண்ணியாப் பகுதியில் மணல் அகழ்வுக்கு எதிரான கடற்படையின் சுற்றிவளைப்பின்போது இரண்டு இளைஞர்கள் ஆற்றில் உயிரிழந்தார்கள். அப்போதும் மக்கள் கல்லெடுத்தார்கள், கடற்படையினர் காயப்பட்டார்கள். எட்டு வருட இடைவெளியில் அதே ஊரில் அதே காட்சி. நடுவில் யாராவது உட்கார்ந்து பேசியிருந்தால், மக்களுக்குப் பதில் சொல்லப்பட்டிருந்தால், இரண்டாவது காட்சி நடந்திருக்காது.

மக்கள் ஆயுதம் தேடும் அளவு, அவர்கள் பொலிஸை நம்பாத அளவுதான். தமிழில் எழுதவும் பேசவும் தெரிந்த உத்தியோகத்தர்கள், இரவிலும் கடமையில் இருக்கும் பெண் பொலிஸார், படையினர் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கப் படைக்கு வெளியே ஓர் அமைப்பு ஆகியவை இருந்தால், எந்தச் சந்தியிலும் யாரும் பொல்லோடு விழித்திருக்கப் போவதில்லை. துப்பாக்கி அனுமதிப்பத்திரங்களை மீளாய்வு செய்யும் அமைச்சு, துவக்கில்லாத மக்கள் இரவில் யாரை அழைக்கிறார்கள், அழைத்தால் யார் வருகிறார்கள் என்பதையும் மீளாய்வு செய்ய வேண்டும்.

கிண்ணியாவில் ஒவ்வொரு வருடமும் நோன்பு மாதம் வருகிறது. பெண்கள் தராவீஹ் முடிந்து இருட்டில் வீடு திரும்புகிறார்கள். அவர்கள் நடக்கும் வீதியில் விளக்கு எரிகிறதா, பள்ளிவாசல் சுவரிலும் கோயில் சுவரிலும் அந்த இலக்கங்கள் எழுதப்பட்டிருக்கின்றனவா, அழைத்தால் மறுமுனையில் தமிழில் பேசும் ஒருவர் எடுக்கிறாரா என்று பிரதேச சபை உறுப்பினர்களிடமும் பொலிஸ் பொறுப்பதிகாரியிடமும் இப்போதே கேட்கலாம். அடுத்த அலறலுக்குக் காத்திருக்கத் தேவையில்லை.